டபிள்யூ 46 யார்?

1

அபுதாபியின் ருவைஸில் வெயில் கொஞ்சம் தணிந்ததும் எங்கள் எண்ணெய் சுத்திகரிப்பு பிளான்ட்டை ஒரு மாதம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்று பெயர். இந்த வருட ஷட்டவுனின் முதல் நாள் காலை நான் கிளம்பும்போது என் மனைவி கல்பனா என் பையை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவினாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்தாள்.

"கண்ணாடிதான் இருக்கு," என்றேன்.

"எனக்குத் தெரியணும்ல," என்று மூடிக் கொடுத்தாள்.

மூன்று வருடமாக முதல் நாள் இந்தச் சோதனை நடக்கிறது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிகூட இவ்வளவு கறார் கிடையாது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நானும் ஆரம்பத்தில் சிரிக்கப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

நான் மதுரைக்காரன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர் வேலை. பிளான்ட்டுக்குள் ஒரு குழாய் வந்தாலும் சரி, ஒரு போல்ட் வந்தாலும் சரி, யார் செய்தது, எந்த உலோகம் என்று சான்றிதழ் வேண்டும். 'தயாரித்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். லாரி வாசலில் நின்று கத்தினாலும் கவலைப்பட மாட்டேன். இந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. தங்கச்சி மகள் கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் டம்ளரைத் திருப்பி அடியில் முத்திரை பார்த்துக்கொண்டிருந்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். தண்ணீர் முழுக்க இலையில் கொட்டிவிட்டது.

2

இப்படிப்பட்டவனுக்கு வந்த பொழுதுபோக்கும் அதே ஜாதி. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் உதிரிப் பாகங்களை வாங்கி, அவற்றை யார் செய்தார்கள் என்று கண்டுபிடிப்பது.

ஊரில் போலீஸ்காரர் தோளில் ஒரு காலத்தில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். உலகப் போர் நடந்தபோது அதை லட்சக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலைகளால் மட்டும் முடியவில்லை. சைக்கிள் செய்தவன், தையல் மெஷின் செய்தவன் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பாகத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவனும் தான் செய்த பாகத்தில் ஓர் எழுத்தோ எண்ணோ சின்னதாக அடித்துவிட்டான். அரிசிமணி அளவுதான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அதைப் படித்து, புத்தகங்களில் தேடி, இந்தத் திருகாணி இன்ன ஊரில் இன்ன பட்டறையில் பிறந்தது என்று சொல்வதில் இருக்கும் சுகத்தை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கல்பனா இரும்புக் குப்பை என்பாள். என் மகள் வர்ஷா ஒரு வார்த்தைகூடத் தமிழில் சொல்லாமல் "டாட்ஸ் ஸ்க்ராப்" என்பாள்.

இந்தப் பக்கத்து அரபி வீடுகளில் பாட்டன் காலத்துத் துப்பாக்கிகள் சுவரில் தொங்கும். கல்யாணத்தில் அவற்றைத் தூக்கிச் சுழற்றி ஆடுவார்கள். அதனால் பழைய சாமான் கடைகளில் உதிரிகள் கிடைத்தன. நான் எச்சரிக்கையானவன் என்று எனக்கு நினைப்பு. குழல், விசை பக்கமே போக மாட்டேன். அடிக்கட்டையில் வைக்கும் பித்தளைத் தகடு, வார் மாட்டும் வளையம், இந்த மாதிரித்தான் வாங்குவேன்.

அல் ஐனில் ஒரு கடையில் குறி பார்க்கும் தகடு ஒன்று கிடைத்தது. விரல் நீளம் இருக்கும். கறுப்பாக, ஒரு பொட்டுத் துரு இல்லாமல் இருந்தது. ஒரு பெரியவர் இறந்து வீட்டைக் காலி செய்தபோது வந்தது என்றார் கடைக்காரர். பின்பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து, அதன் கீழே 46.

எந்தப் புத்தகத்திலும் அந்த முத்திரை இல்லை. இரண்டு வருடம் தேடினேன். இணையத்தில் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் கூடும் ஓர் இடம் உண்டு. அங்கே ஓர் இங்கிலாந்துக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, இதுவரை பதிவாகாத பட்டறையாக இருக்கலாம், யாரென்று கண்டுபிடித்தால் உங்கள் பெயரில் பதிவாகும் என்று எழுதினார். அந்த வாரம் துபாய் கராமாவில் நண்பர்களோடு தோசை சாப்பிடும்போது, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

3

மூன்று வருடத்துக்கு முன்பு, ஷட்டவுன் நடுவே ஒரு வியாழக்கிழமை, அந்தத் தகட்டைக் கண்ணாடிக் கூட்டில் போட்டு பிளான்ட்டுக்குள் கொண்டுபோனேன். எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று திரையில் காட்டிவிடும். உலோகத்தின் வயது தெரிந்தால் பட்டறையை நெருங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் யாரும் இல்லை. கருவியை வைத்து அழுத்தினேன். குரோமியம், நிக்கல், மாலிப்டினம். தினம் நாற்பது தடவை பார்க்கும் அதே வரிசைதான். எங்கள் பிளான்ட் குழாய்களுக்கு வரும் எவர்சில்வர். அந்தப் போர் நடந்தபோது துப்பாக்கியில் யாரும் இதைப் போட்டிருக்க முடியாது.

காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவை காந்தம் வைத்துப் பார்த்திருந்தால் போதும். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எட்டு இருக்கின்றன. துரு இல்லையே என்று வியந்தேனே தவிர, ஏன் இல்லை என்று கேட்கவில்லை. பதினாறு வருடம் உலோகம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன்.

அப்போதுதான் டபிள்யூ 46 கண்ணில் பட்டது. இரண்டு வருடம் பார்த்ததுதான். ஆனால் இந்த அறையில், இந்த மேஜையில் வைத்துப் பார்த்தது இல்லை. ஊரில் தினம் பார்க்கும் ஆளை விமான நிலையத்தில் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாதே, அந்த மாதிரி.

எங்கள் பிளான்ட்டில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. டபிள்யூ என்று தொடங்கும். தேர்வு வைத்து, பாஸ் செய்தவனுக்கு எண்ணைக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நான். குழாயில் ஒரு ஜாயின்ட் முடித்ததும் பக்கத்தில் அவன் எண்ணை அடிக்க வேண்டும். பெயின்டில் எழுதினால் வெயிலில் அழிந்துவிடும், பஞ்ச் வைத்து அடியுங்கள் என்று விதி போட்டதும் நான்தான்.

பதிவேட்டைப் புரட்டினேன். டபிள்யூ 46, செல்லத்துரை. ராமநாதபுரம் மாவட்டம். ஒட்டிய போட்டோவில் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கியது மாதிரி நிற்கிறார். கீழே என் கையெழுத்து. ஃபோனில் இருந்த அவருடைய ஜாயின்ட் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய பஞ்சில் 4-இன் கால் லேசாக உடைந்திருந்தது. தகட்டிலும் அதே உடைசல்.

பயம் பிறகுதான் வந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

4

உள்ளே போகும்போது யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வெளியே வரும்போது கண்ணாடிக் கூட்டைத் திறக்கச் சொன்னார்கள். கேட்டில் அன்று டியூட்டியில் இருந்தவர் தாபா என்ற நேபாளி, பழைய ராணுவக்காரர். தினம் எனக்கு சலாம் வைப்பவர். தகட்டைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"சார், யே தோ ரைஃபிள் கா சாமான் ஹை," என்றார் மெதுவாக. துப்பாக்கிச் சாமான்.

"பழசு பாய். சும்மா ஷோவுக்கு," என்று என் மதுரை இந்தியில் என்னவோ உளறினேன். ஷோ என்ற வார்த்தை நிலைமையை இன்னும் மோசமாக்கியது. யாரிடம் ஷோ காட்ட என்று கேட்டார் அவருடைய சூப்பர்வைசர்.

அரை மணி நேரத்தில் என் கேட் பாஸ் அவர்கள் மேஜையில் இருந்தது. அரபியும் ஆங்கிலமும் கலந்த ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், விசா எண், பொருள். கடைசியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான். திங்கட்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

கேட் பாஸ் போனால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். வர்ஷாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்பனா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவரு பேரச் சொல்லிட்டு வந்துருங்க. நீங்களா செஞ்சீங்க?"

"சொன்னா அவனப் புடிப்பாங்க."

"சொல்லலைன்னா ஒங்களப் புடிப்பாங்க."

வர்ஷா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜஸ்ட் டெல் தெம் ப்பா. இட்ஸ் ஒன்லி எ நேம்," என்றாள். ஒரு பெயர்தானே. அவள் இரக்கமில்லாத பெண் இல்லை. லேபர் கேம்ப்பில் தங்கியிருக்கும் தொழிலாளிகளை அவள் பஸ் ஜன்னலில் தலைகளாகப் பார்த்ததோடு சரி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, அந்த ஆட்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அவளுக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. அப்படி வளர்த்தது நாங்கள்தான்.

5

சனிக்கிழமை மாலை, டியூட்டி பஸ் திரும்பிய பிறகு, லேபர் கேம்ப்புக்குப் போனேன். அறையில் ஆறு கட்டில். செல்லத்துரை கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். நாற்பதைத் தாண்டியவர். ஜாயின்ட் ஒன்றுகூட எக்ஸ்ரேயில் ஃபெயில் ஆகாத வெல்டர். வெளியே கூட்டி வந்து ஃபோனில் தகட்டின் படத்தைக் காட்டினேன்.

"அட, இது எப்படி சார் உங்ககிட்ட வந்துச்சு," என்றார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"நீங்க செஞ்சதா?"

"ஆமா சார். முன்னாடி அல் ஐன் பக்கம் ஒரு சைட்ல இருந்தோம்ல, ஷட்டவுன் இல்லாதப்ப. பக்கத்துத் தோட்டத்துல ஒரு அரபிப் பெரியவரு. அவரு வீட்டுச் செவுத்துல ஒரு துப்பாக்கி தொங்கும். சுடல்லாம் ஆகாது, கொழாயில ஈயம் ஊத்தி அடச்சிருக்கும். இந்தத் தகடு மட்டும் ஒடஞ்சு கெடந்துச்சு. பேரன் கல்யாணத்துல தூக்கி ஆடணும், செஞ்சு குடுன்னாரு. பிளான்ட்டுக் கழிவுத் துண்டு ஒண்ணு எங்கிட்ட கெடந்துச்சு. மூணு வெள்ளிக்கிழம ஒக்காந்து அரத்துல அராவுனேன். எண்ணெய்ல வாட்டிக் கறுப்பாக்கிக் குடுத்தேன்."

"செஞ்சது சரி. நம்பர் ஏன் அடிச்சீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "வேலை முடிஞ்சா நம்பர் அடிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. நம்பர் இல்லாத வேலை அனாதன்னு. கை தானா அடிச்சிருச்சு."

சொன்னேன்தான். ஒவ்வொரு தேர்விலும் சொல்வேன். நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட் பாஸ், படிவம், திங்கட்கிழமை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பிளான்ட்டுச் சாமானில் ஒரு துண்டை வெளியே எடுத்தால்கூடத் திருட்டு என்பது அவருக்குத் தெரியும். அதுவும் துப்பாக்கிக்கு.

"நீங்க சொல்ல மாட்டீங்கல்ல சார்?"

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெல்டர் கை, சொரசொரவென்று இருந்தது. டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார், குடித்தேன்.

6

திங்கட்கிழமை ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்த அறை குளிர்ந்து கிடந்தது. அதிகாரிக்கு என் வயது இருக்கும். வெள்ளைத் தாடியைச் சீராக வெட்டியிருந்தார், இந்தி நன்றாகப் பேசினார். பக்கத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். தகடு மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஞாயிறு முழுக்க நான் மனப்பாடம் செய்தது ஒரே வரி. எனக்குத் தெரியாது, கடையில் வாங்கினேன்.

அதிகாரி பையைப் பிரித்து, தகட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார்.

"பழசா?" என்றார்.

"இல்லை. பழசு இல்லை."

"எப்படித் தெரியும்?"

அங்கேதான் நான் கெட்டேன். எப்படித் தெரியும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்டதில்லை, கராமாவில் கேட்டதில்லை. இவர் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். நான் உலோகத்தைப் பற்றிச் சொன்னேன். காந்தம் ஒட்டாது என்றேன். அவர் மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்து, தலையாட்டினார். உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அரத்தின் தடம் ஒரே திசையில் போவதைக் காட்டினேன், இது மெஷின் இல்லை, கை என்றேன். முத்திரையைக் காட்டினேன். 4-இன் உடைந்த காலைக் காட்டினேன்.

"கிஸ்னே பனாயா?" என்றார். யார் செய்தது.

வாயில் இருந்து வந்துவிட்டது. பெயர், எண், கம்பெனி, எல்லாம் ஒரே மூச்சில், சான்றிதழ் படிப்பது போல. பக்கத்தில் இருந்தவர் கம்பெனி பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டார். அதையும் சொன்னேன்.

மகளுக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மை. பயந்தேன், அதுவும் உண்மை. மீதி என்ன என்று எனக்குத் தெரியும். கட்டத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. இரண்டு வருடம் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரி தகட்டைப் பையில் போட்டு என் பக்கம் தள்ளினார். "இது ஆயுதம் இல்லை. ஆனால் பிளான்ட்டுக்குள் கொண்டுபோனது தப்பு. இனிமேல் வேண்டாம். கலாஸ்," என்றார். முடிந்தது.

நான் எழுந்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். தன் வீட்டிலும் தாத்தாவின் துப்பாக்கி ஒன்று இருக்கிறதாம். இதே இடம் உடைந்து கிடக்கிறதாம். "நல்ல கை. அந்த ஆளை ஒரு நாள் அனுப்பு. அதற்குத்தான் கேட்டேன்."

கீழே வந்து காரில் உட்கார்ந்தேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது, செல்லத்துரைக்கு இன்னொரு வேலைகூடக் கிடைக்கும் என்று நினைத்தேன். பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

7

போலீஸ் அவரை ஒன்றும் செய்யவில்லை. என் வாக்குமூலத்தின் நகல் பிளான்ட் செக்யூரிட்டிக்குப் போனது. அங்கிருந்து அவருடைய கான்ட்ராக்ட் கம்பெனிக்குப் போனது. நமக்கு ஏன் வம்பு என்று அவர்கள் உடனே அவர் விசாவைக் கேன்சல் அடித்துவிட்டார்கள். புதன்கிழமை எனக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. உள்ளே போய் டபிள்யூ 46 எங்கே என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். "எக்ஸிட் சார். விசா குடுத்த கபீல் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்கு ஃப்ளைட்," என்றார்.

கேம்ப்புக்கு ஓடினேன். செல்லத்துரை அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. அறையில் மற்ற இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர்தான் பேசினார். "இவனுங்க நீங்க சொல்லிருப்பீங்கங்குறானுங்க சார். நான் அடிச்சுச் சொல்லிட்டேன், சார் சொல்ல மாட்டாரு, நம்பர வச்சுக் கண்டுபுடிச்சிருப்பானுங்கன்னு. நம்பர் அடிச்சது என் தப்புதான."

கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்து முடிச்சுப் போட்டார். அவ்வளவு நேரமும் என் வாயில் வார்த்தை இருந்தது. முடிச்சுப் போட்டு முடித்தார், வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டார்.

வர்ஷா பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், இப்போது வேறு நாட்டில் படிக்கிறாள். என் சேகரிப்பைத் துண்டு துண்டாக அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இங்கிலாந்துக்காரர் பட்டறை யாருடையது என்று இரண்டு தடவை கேட்டு எழுதினார். பதில் போடவில்லை. கேட்டில் தாபா மறுபடி சலாம் வைக்கிறார்.

செல்லத்துரையின் ஜாயின்ட்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த ஷட்டவுனிலும் குழாய் வரிசையில் நடந்தால் பத்தடிக்கு ஒன்று கண்ணில் படுகிறது, கால் உடைந்த 4-உடன். பஞ்ச் அடித்தது அழியாது. நேற்று வெளியிலிருந்து வந்த தணிக்கைக்காரர் ஒன்றைக் காட்டி, இது யார், பதிவேட்டில் கேன்சல் என்று இருக்கிறதே என்றார். எண்ணைச் சொன்னால் அவருக்குப் போதும். நான் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், நல்ல வெல்டர் என்று சொன்னேன். அவர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் வெளிவரும் பத்திரிகை, ராமநாதபுரம் பக்கமும் போகும். அவர் பார்க்காவிட்டாலும் தெரிந்தவர் யாராவது காட்டுவார்கள்.

செல்லத்துரை, அவர்கள் நம்பரை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. சொன்னது நான்.